நீலக் கோட்டில் நின்றவர்

எல்லோருக்கும் வணக்கம்.

ஐஸ் ஹாக்கியில் டிஃபென்ஸ்காரரின் பெயர் செய்தித்தாளில் வருவது அபூர்வம். அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் மைதானத்தில் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காததை யார் எழுதுவார்கள்? அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்: உவே குரூப்.

1965-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் பிறந்தவர். உயரம் 198 சென்டிமீட்டர். 1983-ல் வட அமெரிக்காவின் பெரிய ஹாக்கி லீகான என்.எச்.எல்.-இல், புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வில், பஃபலோ அணி அவரை 11-வது சுற்றில், 214-வது ஆளாக எடுத்தது. வந்தால் லாபம், வராவிட்டால் நட்டமில்லை என்ற கணக்கு. அந்த ஆள்தான் பிறகு அந்த லீகில் 729 ஆட்டங்கள் ஆடினார்.

டிஃபென்ஸ் என்பது பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே எதிரியை மறிக்கும் வேலை. இடைவெளிதான் இதில் உயிர். மட்டை நீளத்துக்கு மேல் அதிகம் விட்டால் அவன் நிதானமாகக் குறிபார்த்து அடிப்பான். ஒட்டிப் போனாலோ, நீங்கள் காலைத் திருப்புவதற்குள் பக்கவாட்டில் புகுந்து போய்விடுவான். உயரமானவருக்குக் கை எட்டும்; ஆனால் நெடுங்கால் திரும்ப நேரமெடுக்கும். அதனால் எதிரியை நடுவில் விடாமல் பலகைச் சுவர்ப் பக்கம் ஒதுக்கிக்கொண்டே போக வேண்டும். பார்வை பக்கின் மேல், அதாவது ஆடுகிற ரப்பர் வட்டின் மேல், இருக்கக் கூடாது, மார்பின் மேல் இருக்க வேண்டும். பக் ஏமாற்றும், மார்பு போகிற திசையில்தான் ஆள் போவான்.

1995 அக்டோபரில், சீசன் தொடங்கியதுமே அவருக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. ஏப்ரலில்தான் திரும்பினார். 1996 ஜூனில் என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடர், நான்காவது ஆட்டம், மயாமி. குரூப் அப்போது ஆடிய கொலராடோவும் எதிரணி ஃபுளோரிடாவும் 0-0. கொலராடோ கோல்கீப்பர் பாட்ரிக் ருவா அன்று மட்டும் 63 அடிகளைத் தடுத்தார். மூன்றாவது கூடுதல் நேரத்தில் 4 நிமிடம் 31 விநாடி ஆனபோது, குரூப், எதிரணிப் பகுதி தொடங்கும் நீலக் கோட்டருகிலிருந்து ஓங்கி அடித்த பக் உள்ளே போனது. கோப்பை கொலராடோவுக்கு.

அதிர்ஷ்டம் என்பார்கள். பாதி உண்மை. ஏறத்தாழ 60 அடி தூரத்திலிருந்து அடிக்கும் அடி கோலாவது, முன்னால் ஆட்கள் நின்று கோல்கீப்பரின் பார்வையை மறைக்கும்போதுதான். முழங்கால் உயரத்துக்குள் அடித்தால் கால்களுக்கிடையே நுழையும், யாருடைய மட்டையிலாவது பட்டுத் திசைமாறும். மட்டையை ரொம்ப ஓங்கினால் அதற்குள் ஒருவன் குறுக்கே வந்து காலைக் கொடுப்பான். பட்டுத் தெறித்த பக்கோடு அவன் ஓட, பின்னால் காவலுக்கு ஒற்றை ஆள்தான் மிச்சம். அடிக்காமல் இருப்பதே சில நேரம் புத்தி.

2005-ல் ஜெர்மன் தேசிய அணியின் பயிற்சியாளரானார். நான் அவரை எடைபோடுவது 2010-ஐ வைத்துத்தான். அதற்கு முந்தைய ஆண்டு உலகப் போட்டியில் ஜெர்மனிக்கு 15-வது இடம். கீழ்ப் பிரிவுக்கு இறங்கியிருக்க வேண்டியது. 2010 போட்டியை நடத்தும் நாடு என்பதால் தப்பித்தது. 2010 பிப்ரவரியில் வான்கூவர் ஒலிம்பிக். ஆடிய நான்கும் தோல்வி, வாங்கிய கோல் 20.

மூன்றே மாதம் கழித்து, மே மாதம், கெல்சன்கிர்ஷன் கால்பந்து மைதானத்தில் பனித்தளம் போட்டு, 77,803 பேர் முன்னிலையில் அமெரிக்காவை 2-1 என்று கூடுதல் நேரத்தில் வென்றார்கள். காலிறுதியில் சுவிட்சர்லாந்தை 1-0. அரையிறுதியில் ரஷ்யாவிடம் 1-2, வெண்கல ஆட்டத்தில் சுவீடனிடம் 1-3. நான்காமிடம். கோல்கீப்பர் டென்னிஸ் எண்ட்ராஸ் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர்.

அந்த ஸ்கோர்களைப் பாருங்கள், டிஃபென்ஸ்காரரின் கையெழுத்து தெரியும். ஐரோப்பியத் தளம் அன்று 30 மீட்டர் அகலம். வட அமெரிக்காவில் 26 தான். அகலமான தளத்தில் மூலைக்கு ஓடி ஓடி விரட்டினால் நடு வாசல் திறந்துவிடும். திறமை குறைந்த அணி ஓரத்தை விட்டுக்கொடுத்து, கோலுக்கு முன்னால் நெருங்கி நின்று, மட்டையைப் பனியில் படிய வைத்துப் பாஸ் வழியை அடைக்க வேண்டும். ஓரத்திலிருந்து எத்தனை அடித்தாலும் கோல்கீப்பர் பார்த்துக்கொள்வார். ரசிகனுக்குச் சலிப்புதான், மறுக்கவில்லை. அடுத்த ஆண்டு பிராட்டிஸ்லாவாவில் முதல் ஆட்டத்திலேயே ரஷ்யாவை 2-0 என்று சாய்த்தார்கள். உலகப் போட்டிகளில் ரஷ்யாவுக்கு எதிராக ஜெர்மனிக்கு அதுதான் முதல் வெற்றி.

பிறகு, இளவயதில் ஆடிய கொலோன் அணிக்கே பயிற்சியாளராகத் திரும்பினார். 2013-ல் ஜெர்மன் லீக் இறுதியில் பெர்லினிடம் தோல்வி. 2014-ல் இங்கோல்ஷ்டாட்டிடம், ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோல்வி. அப்புறம் பெர்லினுக்கே பயிற்சியாளராகப் போய், 2018 இறுதியில் மியூனிக்கிடம் தோற்றார்.