நாற்றம் அடித்த பாட்டிலுக்கு என் ஓட்டு

வணக்கம் மக்களே! பின்னால் இரைச்சலாக இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பல்கலைக்கழகத்தில் வருடா வருடம் நடக்கும் மாணவர் ஆய்வு சிம்போசியத்தில் நிற்கிறேன். குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை எல்லாம் முடிந்தது. அதை நான் வீடியோ எடுக்கவில்லை. 'ஓ.டி.' (ஆன் டியூட்டி, வகுப்புக்குப் போகாமலே வருகைப் பதிவு) கிடைக்கும் என்று வந்தவர்கள் இன்னும் ஏசி அரங்கில்தான் இருக்கிறார்கள்.

இது போஸ்டர் ஹால். எல்லாம் ஏ0 அளவு, 841க்கு 1189 மில்லிமீட்டர். கல்யாண பேனர் அடிக்கும் அதே ஃப்ளெக்ஸ் மெஷினில் அடித்தது. போன வருடம் என் போஸ்டரில் மைக்ரோ குறியீடு மட்டும் காணாமல் போய், பிப்பெட் என்ற அளவுக் குழாயால் சொட்டாக எடுக்கும் 50 மைக்ரோலிட்டர், 50 லிட்டர் ஆகிவிட்டது. ஜட்ஜ் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ஏம்மா, இவ்வளவு பெரிய பிப்பெட் எங்கே கிடைச்சுது?" என்றார்.

சரி, இங்கே வாருங்கள். முருங்கை விதையால் தண்ணீரைத் தெளிய வைப்பது. 'இதுவா, வருடா வருடம் வருமே' என்றுதான் நானும் நினைத்தேன். விதையில் இருக்கும் புரதத்துக்கு நேர்மின்னூட்டம், கலங்கலில் மிதக்கும் களிமண் துகளுக்கு எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒட்டித் திரண்டு அடியில் படிந்துவிடும். பீக்கரைப் பாருங்கள், மேலே பளிச்சென்று இருக்கிறது, அடியில் பஞ்சு மாதிரி வண்டல்.

வழக்கமாகப் போஸ்டர் இந்த இடத்திலேயே முடிந்துவிடும். இந்த இரண்டாம் வருடப் பிள்ளைகள் தெளிந்த தண்ணீரை மூடி, நாள் கணக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். "அக்கா, மோந்து பாருங்க" என்று பாட்டிலைத் திறந்தாள் ஒருத்தி. அப்பப்பா! விதைத்தூளிலிருந்து புரதம் மட்டுமா இறங்குகிறது? கூடவே மற்ற கரிமப் பொருளும் கரைகிறது, கிருமிகளுக்கு அதுதான் விருந்து. அப்புறம் தூளை அப்படியே போடாமல், எண்ணெயை எடுத்துவிட்டு, உப்புக் கரைசலில் ஊற வைத்து வடிகட்டிப் போட்டிருக்கிறார்கள். நாற்றம் குறைந்திருக்கிறது, போகவில்லை.

குடிநீரில் கலங்கல் 1 என்டியூ (கலங்கலை அளக்கும் அலகு) வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்த வரம்பைச் சிவப்புக் கோடாகப் போட்டு, 'எங்கள் முறையை விடப் படிகாரமே மேல்' என்று அவர்களே பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். என் முதல் பரிசு இதற்குத்தான். பக்கத்து போஸ்டரில் எல்லாமே வெற்றி, கேள்வி கேட்டால் 'கைடைக் கேட்கணும்' என்கிறான் தம்பி.

ஜட்ஜ் வருகிறார், நான் நகர்கிறேன். ஏய், பாட்டிலை மூடு முதல்ல!