470 யார்டை ஓரமா வைங்க: ஸ்ட்ரவுட்டோட பாதி சீசன் கணக்கு

வணக்கம் மக்களே. ஞாயித்துக்கிழமை ஆட்டம் முடிஞ்சதுல இருந்து எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான். "சி.ஜே. ஸ்ட்ரவுட் நிஜமாவே அவ்ளோ பெரிய ஆளா, இல்ல ஒரு நாள் கூத்தா?" ஸ்ட்ரவுட் யாருன்னா, அமெரிக்க ஃபுட்பால் லீக் என்எஃப்எல்-ல ஹூஸ்டன் டெக்சன்ஸோட புது குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவரு. 2023 சீசன்ல டெக்சன்ஸ் எட்டு ஆட்டம் ஆடி முடிச்சாச்சு. நாலு ஜெயிச்சிருக்காங்க, நாலு தோத்திருக்காங்க. போன வருஷம் மொத்த சீசனுக்கும் சேர்த்தே மூணுதான் ஜெயிச்ச டீம் இது. அதனால இன்னைக்கு உக்காந்து, இந்த 22 வயசுப் பையனோட பாஸிங்கை மட்டும் பிரிச்சுப் பாக்கலாம். டிஃபென்ஸ், டிராஃப்ட் பிக் (காலேஜ் ஆட்டக்காரங்களை டீமுங்க வரிசையா எடுக்குறது), அதெல்லாம் வேற வீடியோ.

ஆட்டத்தைப் பாக்காதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். 2023 நவம்பர் 5, எதிர்ல டாம்பா பே பக்கனியர்ஸ். ஸ்ட்ரவுட் 42 பாஸ் எறிஞ்சு, அதுல 30-ஐ தன் டீம் ஆட்கள் கைல சேர்த்தாரு. 470 யார்டு, 5 டச்டவுன் (எதிராளி எல்லைக்குள்ள பந்தைக் கொண்டு போனா ஆறு புள்ளி), இன்டர்செப்ஷன் (பாஸை எதிராளி பிடிச்சுடுறது) பூஜ்யம். ரூக்கி, அதாவது முதல் சீசன் ஆடுற ஒருத்தர், ஒரே ஆட்டத்துல அடிச்ச அதிகபட்ச யார்டு இப்போ இதுதான். இதுக்கு முன்னாடி 2012-ல ஆண்ட்ரூ லக் அடிச்ச 433. நடுவுல கிக்கர் ஃபேர்பெர்ன் காயமாகி வெளிய போயிட்டாரு. பந்தைத் தூக்கிட்டு ஓடுறவரான ரன்னிங் பேக் ஓகுன்போவாலே வந்து 29 யார்டு ஃபீல்டு கோல் (பந்தை உதைச்சு எடுக்குற மூணு புள்ளி) அடிக்கிறாரு! அந்தக் கூத்தையும் மீறி, 46 செகண்ட் மிச்சம் இருக்கும்போது பேக்கர் மேஃபீல்ட் டச்டவுன் போட்டு டாம்பாவை முன்னாடி கொண்டு போறாரு. நாலு புள்ளி வித்தியாசம், ஃபீல்டு கோல் போட்டாலும் பத்தாது. அங்கேருந்து 75 யார்டு நடத்திட்டு வந்து, 6 செகண்ட் இருக்கும்போது, பாஸைப் பிடிக்கிற ரிசீவர் டேங்க் டெல்லுக்கு 15 யார்டு டச்டவுன். 39-37. அன்னைக்கு நானும் கத்தினேன், மறைக்கல.

ஆனா இந்த வீடியோல நான் முதல்ல பண்ணப் போறது, இந்த ஆட்டத்தைக் கணக்குலேருந்து தூக்குறது.

ஏன் தெரியுமா? பத்து வருஷம் முன்னாடி, 2013 நவம்பர் 3. கிட்டத்தட்ட இதே வாரம். பிலடெல்பியா ஈகிள்ஸ் குவார்ட்டர்பேக் நிக் ஃபோல்ஸ், ரெய்டர்ஸுக்கு எதிரா 28 பாஸ்ல 22 சேர்த்து, 406 யார்டு, 7 டச்டவுன். ஏழு! அந்த சீசன் முடிவுல 27 டச்டவுன், 2 இன்டர்செப்ஷன், ரேட்டிங் (பாஸிங் தரத்துக்குப் போடுற மதிப்பெண்) 119.2. ஊரே தலைமேல தூக்கி வெச்சுக்கிச்சு. அடுத்த வருஷம் எட்டு ஆட்டத்துல 13 டச்டவுன், 10 இன்டர்செப்ஷன். அவரு பின்னாடி சூப்பர் பவுல் எம்விபி (லீக் இறுதிப் போட்டில சிறந்த ஆட்டக்காரர் விருது) வாங்கினாரு, அது தனிக் கதை. நான் சொல்ல வர்றது, ஒரு நவம்பர் ஞாயிறை வெச்சு யாருக்கும் பத்து வருஷ ஜாதகம் எழுத முடியாது.

சரி, தூக்கியாச்சு. மிச்சம் ஏழு ஆட்டம். 237 பாஸ், 143 சேந்திருக்கு, 1800 யார்டு, 9 டச்டவுன், 1 இன்டர்செப்ஷன். ஒரு பாஸுக்கு சராசரி 7.6 யார்டு. டாம்பா ஆட்டத்தையும் சேத்தா 8.1. ரேட்டிங் 102.9. உண்மையைச் சொன்னா, என்னை அசத்தினது 470 இல்ல, இந்த 7.6 தான். பெரிய ஆட்டத்தைக் கழிச்ச பிறகும் நிக்குற நம்பர் அது.

இங்க சில பேர் கேப்பீங்க, "ப்ரோ, கம்ப்ளீஷன், அதாவது சேந்த பாஸ், 60 பர்சென்ட்தானே? 67, 68 வெச்சிருக்கிறவங்க இருக்காங்களே?" நியாயமான கேள்வி. ஆனா கிரிக்கெட்ல ஒருத்தர் அம்பது பந்துல ஒத்தை ஒத்தையா ஓடி அம்பது ரன் எடுத்தா, அவுட் ஆகலன்னு மட்டும் சொல்லி டி20-ல கொண்டாடுவோமா? கம்ப்ளீஷன் பர்சென்ட் அந்த மாதிரிதான். ரெண்டு யார்டுக்கு ஸ்க்ரீன் பாஸா போட்டுத் தள்ளினா அது தானா ஏறும். ஸ்ட்ரவுட் எறியுற தூரத்தைப் பாருங்க. முதல் டவுன் கோட்டை, அதாவது நாலு டவுனுக்குள்ள (நாலு வாய்ப்புக்குள்ள) கடக்க வேண்டிய 10 யார்டு கோட்டைத் தாண்டித்தான் பெரும்பாலும் பாக்குறாரு. அந்த தூரத்துக்கு எறிஞ்சுக்கிட்டு, 279 பாஸ்ல ஒரே ஒரு இன்டர்செப்ஷன். இது ரெண்டும் ஒரே ஆள்கிட்ட சேந்து வர்றது அபூர்வம். தைரியசாலிக்கு இன்டர்செப்ஷன் ஏறும், பயந்தவனுக்கு யார்டு குறையும். அதுதான் வழக்கம்.

இப்போ கொஞ்சம் ஃபிலிமுக்கு வரேன். இதுல நேரம் எடுத்துக்குவேன், பொறுத்துக்கோங்க.

இந்த 2023 சீசன்ல டெக்சன்ஸ் அஃபென்ஸை, அதாவது தாக்குதலை, நடத்துறது பாபி ஸ்லோவிக். சான் பிரான்சிஸ்கோ டீம்ல கோச் கைல் ஷானஹன்கிட்ட இருந்து வந்தவரு. ஹெட் கோச் டெமிக்கோ ரையன்ஸும் அதே டீம்லேருந்துதான் வந்தாரு. அந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு பாடம் உண்டு. ஓட்டம் மாதிரி காட்டு, லைன்பேக்கர் (டிஃபென்ஸோட நடு வரிசை ஆள்) ரெண்டு அடி முன்னாடி வருவான், அவன் முதுகுக்குப் பின்னாடி எறி. ரிசீவர் நேரா ஒரு 15 யார்டு ஓடி சட்டுனு உள்பக்கம் வெட்டுவாரு. டிக் ரூட்னு சொல்றோம்ல, அது. பாக்க சாதாரணமா இருக்கும். குவார்ட்டர்பேக் இடத்துலேருந்து யோசிச்சுப் பாருங்க. ஹேண்டாஃப் (ரன்னிங் பேக் கைல பந்தைக் குடுக்குறது) மாதிரி நடிக்கும்போது டிஃபென்ஸுக்கு முதுகைக் காட்டியாச்சு. திரும்பினா ஒரு செகண்ட்தான் இருக்கு. அதுக்குள்ள சேஃப்டி (டிஃபென்ஸோட கடைசி வரிசை ஆள்) எங்க நிக்கிறான், லைன்பேக்கர் ஏமாந்தானா, பின்னாடி ஓடுறானான்னு பாக்கணும். ரிசீவர் வெட்டுறதுக்கு முன்னாடியே பந்து கையை விட்டுப் போயிருக்கணும். தாழ்வாப் போனா லைன்பேக்கர் கைல, உயரமாப் போனா சேஃப்டி கைல. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு சின்ன சந்து.

புதுசா வர்ற பசங்க இந்த இடத்துக்கு எறிய மாட்டாங்க. பக்கவாட்டுக் கோட்டோரம் எறிவாங்க, ஏன்னா அங்க தப்பினா பந்து வெளிய போகும், அவ்ளோதான். நடு மைதானத்துல தப்பினா இன்டர்செப்ஷன். ஸ்ட்ரவுட் அந்த நடுவுலதான் குடித்தனமே பண்றாரு. ரிசீவர் நிக்கோ காலின்ஸுக்கு எறிஞ்ச பந்துகளை ஸ்லோ மோஷன்ல பாருங்க. வேகமா குத்தி எறிய வேண்டிய இடத்துல குத்துறாரு, லைன்பேக்கர் விரலுக்கு மேல தூக்கி இறக்க வேண்டிய இடத்துல இறக்குறாரு. ஒரே கை, ரெண்டு விதமான பந்து. அதைவிட எனக்குப் பிடிச்சது அவர் கால். முதல் ரிசீவர் இல்லன்னா ரெண்டாவது ஆளைப் பாக்கத் தலை திரும்பும்போது, காலும் கூடவே திரும்புது. நிறைய பேருக்குத் தலை மட்டும்தான் திரும்பும், கால் பழைய திசையிலயே நிக்கும், பந்து ரிசீவருக்குப் பின்னாடி போகும்.

இதுல இன்னொண்ணும் இருக்கு. டெக்சன்ஸுக்கு இந்த வருஷம் ஓட்டம் சுத்தமா எடுபடல. ரன்னிங் பேக் டேமியன் பியர்ஸ் போன வருஷம் ஓடின ஓட்டத்துல பாதிகூட இல்ல. அப்போ ஓட்டம் மாதிரி காட்டி ஏமாத்துறது எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டா, ஓட்டம் நல்லா இருந்தாதான் இந்த ஏமாத்து, அதாவது ப்ளே ஆக்ஷன், எடுபடும்னு சொல்றது பழைய நம்பிக்கை. எண்களை வெச்சு ஆராய்ஞ்சவங்க அதுக்கு ஆதாரம் இல்லன்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்காங்க. லைன்பேக்கர் பழக்கதோஷத்துல முன்னாடி வந்துடுறான், அவ்ளோதான் விஷயம்.

ஆஃபென்சிவ் லைன், அதாவது குவார்ட்டர்பேக்கைக் காக்குற முன்வரிசை, அதைப் பத்தி ஒரு நிமிஷம். சீசன் ஆரம்பத்துல பாதிப் பேர் ஆஸ்பத்திரில. லாரமி டன்சில்லே சில ஆட்டம் இல்ல. ரெண்டாவது வாரம் கோல்ட்ஸ்கிட்ட ஸ்ட்ரவுட் ஆறு சாக் (எறியுறதுக்கு முன்னாடியே எதிராளி வீழ்த்துறது) வாங்கினாரு, அன்னைக்கும் 384 யார்டு. அடுத்த ரெண்டு வாரம், ஜாக்சன்வில்லும் பிட்ஸ்பர்கும். பிட்ஸ்பர்க்ல சாக் எடுக்குறதுல பேர் போன டி.ஜே. வாட் இருக்காரு, மாத்து ஆட்களை வெச்சு சமாளிக்கணும். சாக் பூஜ்யம். 30-6 ஜெயிச்சாங்க. இதுல லைனுக்கு எவ்ளோ பங்கோ அதே அளவு பந்தை சீக்கிரம் விட்டவருக்கும் உண்டு.

சரி, புகழ்ந்தது போதும். குறைக்கு வருவோம்.

டாம்பாவுக்கு முன்னாடி ஆடின ரெண்டு ஆட்டம், நியூ ஆர்லியன்ஸ், கரோலினா. ரெண்டும் சேத்து 51 பாஸ்ல 29. 339 யார்டு. ஒரு பாஸுக்கு 6.6. நியூ ஆர்லியன்ஸ்ல 27-க்கு 13 தான் சேந்துச்சு, முதல் இன்டர்செப்ஷனும் அங்கதான். கரோலினால 140 யார்டு, டச்டவுன் பாஸே இல்ல. அதுவும் யார்கிட்ட தோத்தாங்க? அதுவரைக்கும் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத கரோலினா பாந்தர்ஸ்கிட்ட, 15-13. எதிர்ல டிராஃப்ட்ல இவருக்கு முன்னாடி முதல் ஆளா போன பிரைஸ் யங்.

இந்த இடத்துல ஒரு கிளைக்கதை. போன ஜனவரில கடைசி ஆட்டத்துல டெக்சன்ஸ் தோத்திருந்தா டிராஃப்ட்ல முதல் பிக் அவங்களுக்கு, கடைசி இடத்து டீமுக்குத்தான் அது போகும். ஆனா நாலாவது டவுன், 20 யார்டு தேவைங்கிற நிலைமைல டச்டவுன் போட்டு, கூடுதல் ரெண்டு புள்ளியும் எடுத்து கோல்ட்ஸை 32-31-னு ஜெயிச்சுத் தொலைச்சாங்க. ரசிகர்கள் தலைல கை வெச்சாங்க. முதல் பிக் சிகாகோவுக்குப் போச்சு, அங்கேருந்து கரோலினாவுக்கு. ரெண்டாவது பிக்ல ஹூஸ்டனுக்கு வந்தவருதான் இந்த ஸ்ட்ரவுட். அந்த ஜெயிப்புக்கு இப்போ யாராவது வருத்தப்படுறீங்களா?

திரும்ப வரேன். அந்த ரெண்டு ஆட்டத்துலயும் நடு மைதானம் அடைபட்டுச்சு. ஆழமா சேஃப்டியை நிறுத்தி, அவருக்குப் பிடிச்ச சந்தை மூடிட்டு, "கீழ எறிஞ்சுக்கோ"ன்னு விட்டாங்க. அப்போ அவரு பந்தைக் கொஞ்சம் அதிக நேரம் பிடிச்சுக்கிட்டே நிக்கிறாரு. ரன்னிங் பேக்குக்குச் சின்னதா தள்ளிவிட்டு நாலு யார்டு வாங்கிட்டுப் போயிடணும். அந்தப் பொறுமை இன்னும் முழுசா வரல. என் பார்வைல அவரோட நிஜமான குறை இது ஒண்ணுதான். ஓடத் தெரியலைன்னு சிலர் சொல்றதை நான் பெருசா எடுத்துக்கல, வேணும்கிறப்போ எப்படி ஓடுவாருன்னு ஓஹாயோ ஸ்டேட்ல ஜார்ஜியா கூட ஆடினப்பவே பாத்துட்டோம்.

இன்டர்செப்ஷன் எண்ணிக்கையும் இப்படியே இருக்காது. முதல் அஞ்சு ஆட்டத்துல 186 பாஸ், ஒண்ணுகூட எதிராளி கைல போகல. புதுசா வந்தவங்கள்ல டாக் பிரெஸ்காட் வெச்சிருந்த 176 ரெக்கார்டையும் தாண்டியாச்சு. இப்போ இருக்குற விகிதம் 0.36 பர்சென்ட். முழு சீசனுக்கு இந்த அளவு தாக்குப்பிடிச்ச ஆளு 2018-ல கிரீன் பே டீம்ல ஆடின ஆரோன் ராஜர்ஸ், 597 பாஸ்ல ரெண்டு. அந்த வருஷம் கிரீன் பே ஜெயிச்சது ஆறே ஆட்டம்! அதாவது, இந்த நம்பர் தனியா நின்னா ஒண்ணும் சொல்லாது. அடுத்த மாசம் ஸ்ட்ரவுட் ஒரே ஆட்டத்துல ரெண்டு மூணு இன்டர்செப்ஷன் போட்டா, "பாத்தியா, வேஷம் கலைஞ்சுது"ன்னு என்கிட்ட வராதீங்க. கை பட்டுத் தெறிக்கிற பந்து என்னைக்காவது எதிராளி மடில விழத்தான் செய்யும். அப்போ நான் பாக்கப் போறது ஒண்ணுதான். அதுக்கப்புறமும் நடு மைதானத்துல எறியுறாரா, இல்ல கோட்டோரம் ஒதுங்குறாரா?

மார்க் கேட்டீங்கன்னா, நான் ஏ மைனஸ் போடுவேன். ரூக்கிங்கிற சலுகையெல்லாம் இல்லாம, லீக்ல இருக்குற எல்லா குவார்ட்டர்பேக்கையும் வெச்சுத்தான் சொல்றேன். கன்சாஸ் சிட்டி நட்சத்திர குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் மாதிரி, அடுத்த மஹோம்ஸான்னு கேட்டா பதில் சொல்ல மாட்டேன், அது வெட்டி வேலை. இந்த நிமிஷம் ஏஎஃப்சி-ல (லீக்கோட ரெண்டு பாதில டெக்சன்ஸ் இருக்குற பாதி) இவரைக் குடுத்துட்டு வேற ஆளை வாங்கலாம்னா, நான் யோசிக்காம கை நீட்டுறது ஒரு நாலு பேரு பக்கம்தான்.

வர்ற ஞாயிறு, 2023 நவம்பர் 12, எதிர்ல சின்சினாட்டி பெங்கால்ஸ். இதுதான் சரியான பரீட்சை. பெங்கால்ஸ் தொடர்ச்சியா ஜெயிச்சுட்டு வராங்க. இந்த சீசன்ல அவங்க டிஃபென்ஸை நடத்துற லூ அனருமோ, 2022 ஜனவரில மஹோம்ஸை ரெண்டாவது பாதில வெறும் மூணு புள்ளியோட கட்டிப்போட்டவரு. எட்டுப் பேரைப் பின்னாடி அனுப்பி, மூணு பேரை மட்டும் முன்னாடி விட்டு, எறியவே இடம் இல்லாம பண்ணினாரு. கரோலினா செஞ்சதை டேப்ல பாத்துட்டு அவரு சும்மா இருக்க மாட்டாரு. அதனால பந்து எங்க போகுதுன்னு பாக்காதீங்க. மூணாவது டவுன்ல, முதல் ரெண்டு பேரும் அடைபட்டதும், ஸ்ட்ரவுட்டோட கண்ணு ரன்னிங் பேக் பக்கம் எவ்ளோ சீக்கிரம் வருதுன்னு பாருங்க. நம்ம ஊர் நேரம் ராத்திரி பதினொன்றரைக்கு ஆட்டம். திங்கக்கிழமை ஆபீஸ் இருக்குறவங்க முதல் பாதியாவது பாத்துட்டுத் தூங்குங்க. டேப் வந்ததும் அடுத்த வீடியோல அதை மட்டும் எடுத்துப் போட்டுக் காட்டுறேன். வரேன் மக்களே.