மூன்று தையல் மிஷின்

(கொடிநாள் வாரத்தில் ஆர்.கே.புரத்தில் தில்லித் தமிழர்கள் சிலர் கூடிய இடத்தில் பேசியது. நடுநடுவே நான் இருமியதை மட்டும் எடுத்துவிட்டேன்.)

எல்லோருக்கும் வணக்கம். அறிமுகம் செய்த தம்பி என்னைப் பெரிய போர்வீரர் மாதிரி சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில் இருந்தது உண்மைதான், ஆனால் நான் கிளார்க். துப்பாக்கியைவிட ரப்பர் ஸ்டாம்பை அதிகம் பிடித்த கை இது. அதனால் வீரத்தைப் பற்றிப் பேச எனக்கு அருகதை கிடையாது, ராணுவக் குடும்பங்களின் தாள்களைப் பற்றித்தான் பேசுவேன், தூக்கம் வந்தால் தூங்கிக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 7 கொடிநாள், 1949-லிருந்து நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் சட்டையில் குத்திக்கொண்டோமே, சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று முப்படைக்கும் சேர்த்து ஒரு குட்டிக் கொடி, அதேதான். உண்டியலில் காசு போட்டோம், அது எங்கே போகிறது என்று நம்மில் யாரும் கேட்டதில்லை. இதே ஆர்.கே.புரத்தில் வெஸ்ட் பிளாக்கில் கேந்திரிய சைனிக் போர்டு, அதாவது முன்னாள் படைவீரர் குடும்பங்களின் நலனைக் கவனிக்கும் மத்திய வாரியம், இருக்கிறது, அவர்கள்தான் அந்த நிதியைப் பார்த்துக்கொள்கிறார்கள். பஸ்ஸில் தினம் அந்த வழியாகப் போகிறவர்கள் இங்கேயே இருப்பீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு பெண் இருக்கிறார், நம் பக்கத்துப் பெண்தான், கணவர் பணியில் இருக்கும்போது இறந்துபோனார். அவர் வீட்டில் மூன்று தையல் மிஷின்கள் இருக்கின்றன. மூன்று வெவ்வேறு குழுக்கள் மூன்று வெவ்வேறு விழாக்களில், சால்வை போட்டு, போட்டோ எடுத்துக் கொடுத்தவை. அவருக்குத் தைக்கத் தெரியாது. மூன்றாவது மிஷின்மேல் டிவி வைத்திருக்கிறார். அவருக்கு உண்மையில் இருந்த பிரச்சினை, சின்னப் பெண் பிறந்தது கணவரின் ரெக்கார்டில் ஏறவே இல்லை. கல்யாணம், குழந்தை எல்லாம் பார்ட் டூ ஆர்டர் என்று ஒன்றில் வெளியாக வேண்டும், லீவில் வந்தபோது பிறந்த குழந்தை, அவர் திரும்பிப் போய் எழுதிக் கொடுப்பதற்குள் இறந்துவிட்டார். ராணுவத்தின் பார்வையில் அந்தக் குழந்தை பிறக்கவே இல்லை. படிப்பு உதவி எப்படி வரும்? பிறப்புச் சான்றிதழ், பிரமாணப் பத்திரம் என்று எட்டு மாதம் அலைந்தோம், மொத்தச் செலவு ஒரு தையல் மிஷின் விலைகூட ஆகவில்லை.

கொடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை, நல்ல மனசுதான். ஆனால் ஒருத்தராவது உட்கார்ந்து, "அம்மா, உங்க ஃபைலைக் காட்டுங்க" என்று கேட்டிருக்கலாம்.

இன்னொரு பாட்டி கதை. வீட்டுக்காரர் அறுபதுகளில் சேர்ந்து, ஆறேழு வருஷத்தில் ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமென்றால் 15 வருஷ சர்வீஸ் வேண்டும், அதனால் பென்ஷன் இல்லை. "எங்களுக்குத்தான் பென்ஷனே கிடையாதே, யாருப்பா குடுப்பா?" என்றார். பாட்டி, பென்ஷன் இல்லாதவங்களுக்குத்தான் அந்த உதவியே! ஹவில்தார் வரைக்கும் இருந்து, பென்ஷன் இல்லாமல், நிரந்தர வருமானம் இல்லாமல், 65 வயதைத் தாண்டிய முன்னாள் வீரருக்கு, அவர் இறந்துவிட்டால் அவர் மனைவிக்கு, மாதாமாதம் ஒரு தொகை உண்டு. 4,000 ரூபாயாக இருந்தது, 2025 அக்டோபரில் அதை 8,000 ஆக்கினார்கள், நவம்பர் 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு. பிள்ளைகள் படிப்புக்கு மாதம் 1,000 கொடுத்ததை 2,000 ஆக்கினார்கள், பெண் கல்யாணத்துக்கு 50,000 இருந்தது ஒரு லட்சம். எல்லாம் நாம் உண்டியலில் போட்ட அந்தக் கொடிநாள் நிதியிலிருந்துதான். ஆனால் தானாகவே சர்வீஸை விட்டு விலகியவர்களுக்கு விதி வேறு, அதனால் முதலில், படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் எந்தக் காரணம் எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாட்டி அதை மஞ்சள் பையில் சுற்றி, டிரங்குப் பெட்டிக்கு அடியில் கல்யாணப் புடவையோடு வைத்திருந்தார்.

அப்புறம் நம் பெயர்கள் இருக்கிறதே, அது தனிக் கொடுமை. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் லெட்சுமி, ஆதாரில் லக்ஷ்மி, வங்கியில் எல்.லக்ஷ்மி. அந்த எல் அப்பா பெயரா, வீட்டுக்காரர் பெயரா? வடக்கத்தி கிளார்க் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காட்டி "யே காலி க்யோ ஹை?", இது ஏன் காலியாக இருக்கிறது, என்கிறார். அவர்மேல் தப்பில்லை, அவருக்கு இது மூன்று பெண்கள். இனிஷியல் என்றால் என்ன என்று இந்தியில் விளக்க ஒரு தமிழ் ஆள் பக்கத்தில் நின்றால் பத்து நிமிஷ வேலை, இல்லையென்றால் ஆறு மாதம்.

இன்னொன்று, நமக்கு எல்லாமே மிலிட்டரிதான். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். பையன்கள் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறவர்கள், அவர்கள் குடும்பத்தை சைனிக் போர்டுக்கு அனுப்பினால் வெறுங்கையோடுதான் வருவார்கள். அவர்களுக்கு அவரவர் படையிலேயே நலப்பிரிவு இருக்கிறது, மக்கள் பணம் போட 2017-ல் தொடங்கிய 'பாரத் கே வீர்' இருக்கிறது. தவறான வாசலில் ஒரு தாயை வெயிலில் நிறுத்தாதீர்கள்.

1971 போர் முடிந்த கையோடு, 1972-ல் மோகினி கிரி அம்மையார் இதே தில்லியில் போர் விதவைகள் சங்கம் தொடங்கினார். ராணுவ மனைவியர் நலச் சங்கம் அதற்கும் முன்னால், 1966-லிருந்து இருக்கிறது. ஆக அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை, தென்காசியிலிருந்து வரும் ஒரு அம்மாவுக்கு அவற்றின் வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாது, அவ்வளவுதான்.

தென்காசி என்று சும்மா சொல்லவில்லை. காஷ்மீரில் அடிபட்டவர்களை ஸ்ரீநகரிலோ உதம்பூரிலோ முதலில் பார்த்துவிட்டு, கடினமான கேஸ்களை இங்கே கண்டோன்மென்டில் ஆர் ஆர் என்கிற பெரிய ராணுவ ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். பின்னாலேயே அம்மா அப்பா ரயிலேறி வருவார்கள். அப்படி வந்த ஒரு அம்மா, பையன் ஐ.சி.யு.வில், மூன்று நாளாக ரொட்டி இறங்காமல் டீயும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்திருந்தார். டாக்டர் நன்றாகத்தான் விளக்கியிருக்கிறார், இந்தியில். என் மனைவி ரசம் சாதம் கொண்டுபோய்க் கொடுத்து, டாக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னபோதுதான் அந்த அம்மாவுக்குப் பையனின் கால் போகவில்லை என்பதே தெரிந்தது. மூன்று நாள், கால் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்.

பணம் கொடுக்க விரும்புகிறவர்கள் கொடுங்கள், கொடிநாள் நிதிக்கு நேராகவே அனுப்பலாம், இடையில் என்னைப் போன்ற ஆள் தேவையில்லை. எனக்கு வேண்டியது மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை. இந்தி நன்றாகத் தெரிந்தவர்கள் ஆஸ்பத்திரிக்கு, பொறுமை இருப்பவர்கள் விண்ணப்பம் நிரப்ப, சமைக்கிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், காலில் விழுவேன். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு என் வீட்டில் நாலு பேருடைய பெட்டிகளைத் திறக்கப் போகிறோம். வருகிறவர்கள் மூக்குக் கண்ணாடியை மறக்காதீர்கள், அந்தக் காலத்து டிஸ்சார்ஜ் புத்தகத்தில் எழுத்து ரொம்பப் பொடி.