4 ஜிபி கார்டு இருக்கிறது, 2 ஜிபி கேட்கும் கேம் ஓடுமா?

அடுத்த கேள்வி, கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி அனுப்பியது. வாசித்துவிடுகிறேன்: "அண்ணா, அலுவலகத்தில் ஓடிய பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினோம். ஐ5 பிராசஸர், 8 ஜிபி ரேம், ஜிடி 730 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. ஜிடிஏ 5 கேமுக்கு ஜிடிஎக்ஸ் 660 2 ஜிபி கார்டைப் பரிந்துரைக்கிறார்கள். என்னிடம் அதைப்போல் இரண்டு மடங்கு இருக்கிறதே, உயர்ந்த செட்டிங்கில் ஓடும்தானே? கடைக்காரரும் தாராளமாக ஓடும் என்றார்."

ஓடும் தம்பி. ஆனால் நீங்கள் நினைக்கிற ஓட்டம் அல்ல அது.

கடைக்காரர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். அட்டைப் பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் அந்த 4 ஜிபியைத்தான் அவரும் பார்த்திருப்பார். மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்துவிட்டு அரை அங்குலக் குழாய் போட்டால் கீழே தண்ணீர் எப்படி வரும்? ஜிபி என்பது தொட்டியின் அளவு. குழாயின் அளவைப் பெட்டியில் யாரும் பெரிதாகப் போடுவதில்லை.

எண்களைப் பாருங்கள். ஜிடிஎக்ஸ் 660 வந்தது 2012இல். அதில் 960 கோர்கள், அதாவது கணக்குப் போடும் சிறு அலகுகள். மெமரியிலிருந்து விநாடிக்குச் சுமார் 144 ஜிபி தகவலை எடுக்கும்; இதுதான் குழாய். ஜிடி 730 வந்தது 2014இல், இரண்டு ஆண்டு இளையது. ஆனால் 64 பிட் அகலமும் டிடிஆர் 3 என்ற மெதுவான மெமரியும் உள்ள அதன் வகையில் 384 கோர்கள்தான், விநாடிக்கு 14.4 ஜிபிதான் எடுக்கும். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு! தொட்டி இரண்டு மடங்காக இருந்து என்ன பயன்?

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. ஜிடி 730 என்ற ஒரே பெயரில் வெவ்வேறு கார்டுகளை விற்றார்கள். ஜிடிடிஆர் 5 என்ற வேகமான மெமரி போட்டது விநாடிக்கு 40 ஜிபி எடுக்கும். அதே பெயரில் 96 கோர்கள் மட்டுமே உள்ள பழைய சிப்பும் வந்தது. அதனால் பெயரை மட்டும் வைத்து உங்களுடையது எது என்று என்னால் சொல்ல முடியாது. நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் மெமரி வகை, பிட் அகலம், வேகம் மூன்றும் ஒரே பக்கத்தில் தெரியும்.

விண்டோஸிலேயே பார்க்கலாமே என்று டிஎக்ஸ்டியாக் என்ற சோதனைக் கருவியைத் திறப்பவர்கள் இரண்டு இடங்களில் ஏமாறுகிறார்கள். முதல் பக்கத்தில் டைரக்ட்எக்ஸ் 12 (கேமும் கார்டும் பேசிக்கொள்ள உதவும் மென்பொருள்) என்று இருப்பது விண்டோஸில் உள்ள பதிப்பு; கார்டின் தகுதி அல்ல. டிஸ்ப்ளே பக்கத்தில் 'ஃபீச்சர் லெவல்ஸ்' என்ற வரிதான் கார்டைப் பற்றியது. அதே பக்கத்தில் மொத்த மெமரி என்று காட்டுவதில் உங்கள் ரேமிலிருந்து கடன் வாங்கக்கூடிய பகுதியும் சேர்ந்திருக்கும். 4 ஜிபி கார்டுக்கு 8 ஜிபி காட்டுகிறதே என்று துள்ளிக் குதிக்காதீர்கள். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் சிப், பகுதிக்குப் போனால் 'டெடிகேட்டட்', 'ஷேர்டு' என்று தனித்தனியாகக் காட்டும். முன்னதுதான் உங்கள் சொத்து.

சரி, ஜிடிஏ 5க்கு வருவோம். 2015இல் கம்ப்யூட்டருக்கு வந்த பழைய பதிப்பு குறைந்தபட்சமாகக் கேட்பது 9800 ஜிடி 1 ஜிபி, 2008ஆம் ஆண்டுக் கார்டு. 9800 என்பது 730ஐவிடப் பெரிய எண்ணாயிற்றே என்று மிரள வேண்டாம். அது பழைய பெயர் வரிசை. எனவே கேம் திறக்கும். 1280க்கு 720 தெளிவுத்திறனில் எல்லாவற்றையும் குறைத்து வைத்தால் விளையாடலாம். புல், நிழல் இரண்டையும் முதலில் குறையுங்கள். ஆனால் 2025 மார்ச்சில் வந்த 'என்ஹான்ஸ்டு' பதிப்பைத் தொடாதீர்கள். அதற்குக் குறைந்தபட்சமே ஜிடிஎக்ஸ் 1630 4 ஜிபி வேண்டும். இங்கேயும் 4 ஜிபி, உங்களிடமும் 4 ஜிபி. ஏமாறுவதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

புதுக் கார்டு வாங்கும் எண்ணம் இருந்தால், முதலில் கேபினெட்டைத் திறந்து எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது மின்சாரம் தரும் பெட்டியை, பாருங்கள். அலுவலகக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் சிறிய எஸ்எம்பிஎஸ்தான் இருக்கும். கார்டுக்குத் தனி மின் ஒயர் இருக்காது. ஜிடிஎக்ஸ் 660க்கு அந்த ஆறு முனை ஒயர் தேவை. ஜிடிஎக்ஸ் 1650 75 வாட்தான். ஒயர் கேட்காத வகைகள் அதில் உண்டு. ஒல்லியான கேபினெட் என்றால் உயரம் குறைந்த கார்டாகத் தேட வேண்டும்.

மானிட்டர் ஒயரையும் பார்த்துவிடுங்கள். மதர்போர்டில் செருகியிருந்தால் கார்டு சும்மா இருக்கும். சிரிக்காதீர்கள், நானே ஒரு வாரம் அப்படி விளையாடிவிட்டுக் கார்டைத் திட்டியிருக்கிறேன்.

இவ்வளவு பார்த்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் வாங்குங்கள். வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். செட்டிங்கை மாற்றிக்கொண்டிருக்கும் நேரமும் அந்த இரண்டு மணியில் சேரும், கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜிபியு-இசட் காட்டுவதைப் படம் எடுத்து அனுப்புங்கள் தம்பி, எந்த 730 என்று சொல்கிறேன். அடுத்த கேள்வி லேப்டாப் சூட்டைப் பற்றி.