கலோரி எண்ணிச் சாப்பிடுபவர் வாழைப்பழத்தை ஒதுக்க வேண்டுமா? சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். எடைக் குறைப்பு பற்றிப் பேசிய போன வீடியோவுக்கு நிறையக் கேள்விகள் வந்திருந்தன. இன்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு விரிவாகப் பேசுகிறேன். கேட்டிருப்பவர் ஒரு சகோதரி, வயது 34. ஒரு நாளைக்கு 1500 கலோரி என்று அளவு வைத்துக்கொண்டு, சாப்பிடுவதையெல்லாம் போனில் ஒரு செயலியில் குறித்து வருகிறார். முன்பு தினமும் இரண்டு வாழைப்பழம் சாப்பிடுவாராம். உடற்பயிற்சிக் கூடத்தில் ஒருவர், "வாழைப்பழம் முழுக்கச் சர்க்கரை, அதை விட்டால்தான் எடை இறங்கும்" என்று சொல்லியிருக்கிறார். இவரும் இரண்டு மாதமாக அடியோடு நிறுத்திவிட்டார். எடை இறங்கவில்லை. "நான் வாழைப்பழம் சாப்பிடலாமா? சாப்பிடலாம் என்றால் எத்தனை? எந்த நேரத்தில்? செங்காயாகவா, நன்றாகக் கனிந்ததா?" இதுதான் கேள்வி. கூடவே ஒரு வாரம் சாப்பிட்டதன் குறிப்பையும் அனுப்பியிருக்கிறார். அதை அனுப்பியது மிகவும் நல்லதாகப் போயிற்று. பதிலில் பாதி அந்தக் குறிப்பிலேயே இருக்கிறது.

சாப்பிடலாம். நிறுத்தியிருக்கவே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் குறிப்பில் ஏழு நாளில் ஐந்து நாள், மாலை ஐந்து மணிவாக்கில் ஒரே விஷயம் வருகிறது. கிரீம் பிஸ்கட் 5, கிரீம் பிஸ்கட் 6, மறுபடியும் 6. இந்த மாதிரி பிஸ்கட் ஒன்று பத்து கிராம் எடை இருக்கும், ஏறக்குறைய 50 கலோரி. ஆறு பிஸ்கட் என்றால் 300 கலோரி. நீங்கள் விட்ட இரண்டு நடுத்தர வாழைப்பழத்தில் 210 கலோரிதான். 210 வெளியே போயிற்று, அந்த இடத்தில் 300 வந்து உட்கார்ந்துகொண்டது. அதோடு நிற்கவில்லை, ஏழு மணிக்கே மறுபடி பசித்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பசிக்கத்தான் செய்யும். ஆறு பிஸ்கட்டின் மொத்த எடை 60 கிராம், அதில் தண்ணீர் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. வாழைப்பழத்தில் முக்கால் பங்கு தண்ணீர். 300 கலோரிக்கு வாழைப்பழம் சாப்பிட வேண்டுமென்றால் ஏறக்குறைய மூன்று பழம், தோல் நீக்கி 340 கிராம் உள்ளே போக வேண்டும். வயிறு கலோரியைப் பார்ப்பதில்லை. எவ்வளவு இடம் நிறைந்தது, எவ்வளவு நேரம் தங்கியது என்றுதான் பார்க்கிறது.

சரி, வாழைப்பழத்துக்கு இந்தக் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது? ஓரளவு நியாயமான இடத்திலிருந்துதான். நூறு கிராமுக்கு என்று கணக்குப் போட்டால் தர்பூசணியில் 30 கலோரி, ஆரஞ்சில் 47, ஆப்பிளில் 52, திராட்சையில் 69, வாழைப்பழத்தில் 89. இந்தப் பட்டியலைப் பார்ப்பவருக்கு வாழைப்பழம் குற்றவாளி போலத் தெரியும். ஆனால் யாரும் பழத்தை நூறு கிராம் என்று நிறுத்துச் சாப்பிடுவதில்லையே. ஒரு ஆப்பிள் என்று எடுத்தால் 180 கிராம் இருக்கும், 95 கலோரி. ஒரு நடுத்தர வாழைப்பழம் தோல் இல்லாமல் 118 கிராம், 105 கலோரி. கைக்கு வரும் ஒரு பழத்துக்கு ஒரு பழம் என்று பார்த்தால் வித்தியாசம் பத்து கலோரி. இந்தப் பத்து கலோரிக்காக ஒரு நல்ல பழத்தை இரண்டு மாதம் ஒதுக்கிவைத்திருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

"முழுக்கச் சர்க்கரை" என்பதும் சரியல்ல. ஒரு நடுத்தரப் பழத்தில் மொத்த மாவுச்சத்தும் சர்க்கரையும் நாருமாக 27 கிராம். அதில் சர்க்கரை 14 கிராம், நார்ச்சத்து 3 கிராம். அதோடு 420 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியம், நல்ல அளவில் பி6 வைட்டமின், கொஞ்சம் மக்னீசியம், கொஞ்சம் சி வைட்டமின். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சர்க்கரை பற்றி வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரையிலிருந்து வரக்கூடாது என்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் வருவது எது? நாம் சேர்க்கும் சர்க்கரை, தேன், பாகு, பழச்சாறு இவைதான். முழுப் பழத்துக்குள் இருக்கும் சர்க்கரையை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஆகவே பிஸ்கட்டுக்குள் இருக்கும் சர்க்கரையையும் பழத்துக்குள் இருக்கும் சர்க்கரையையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்காதீர்கள்.

நிறுப்பது என்று சொன்னதும் ஒன்றைக் காட்ட வேண்டும். உங்கள் செயலியில் எல்லா நாளும் "வாழைப்பழம் 1, 105 கலோரி" என்றுதான் பழைய பதிவுகள் இருந்தன என்று எழுதியிருந்தீர்கள். இதோ மேசையில் இரண்டு பழம் வைத்திருக்கிறேன். இரண்டும் "ஒன்று"தான். சின்னதை உரித்துத் தராசில் வைக்கிறேன், 84 கிராம். அப்படியென்றால் 75 கலோரி. இந்தப் பெரியது உரித்தபின் 149 கிராம், 133 கலோரி. ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதே பெரிய பழத்தைத் தோலோடு வைத்தபோது 230 காட்டியது. அந்த எண்ணை அப்படியே செயலியில் போட்டிருந்தால் 205 கலோரி என்று வந்திருக்கும், உண்மையில் சாப்பிடாத 70 கலோரிக்குச் சேர்த்துப் பட்டினி கிடந்திருப்பீர்கள். தோல் மட்டுமே மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு வாரம் உரித்து நிறுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு தராசே வேண்டாம், கண்ணே சொல்லிவிடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வாழைப்பழத்தால் எடை கூடியது என்று என்னிடம் சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒரே கேள்வி. பழத்தை எதற்குப் பதிலாகச் சாப்பிட்டீர்கள்? பெரும்பாலும் பதில் வராது. ஏனென்றால் எதற்கும் பதிலாக இல்லை, எல்லாவற்றுக்கும் மேலே சாப்பிட்டிருப்பார்கள். வயிறு நிறையச் சாப்பாடு, அதன்மேல் ஒரு பழம் என்றால் அந்த 105 கலோரி முழுக்கக் கூடுதல்தான். அதே பழம் மாலையில் பிஸ்கட்டின் இடத்தில் வந்தால் 200 கலோரி மிச்சம். பழம் ஒன்றுதான், அது உட்காரும் இடம்தான் வேறு.

வாழைப்பழம் ஆளை ஏமாற்றும் இன்னொரு இடம் மில்க்‌ஷேக். இரண்டு பழம் 210, ஒரு பெரிய டம்ளர் முழுக்கொழுப்புப் பால் 155, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை 100, மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம் 135. கூட்டிப் பாருங்கள், 600. உங்கள் ஒரு நாள் அளவில் ஐந்தில் இரண்டு பங்கு. நாலு நிமிடத்தில் குடித்துவிடலாம், மென்று சாப்பிட்ட திருப்தியும் இருக்காது. செயலியில் இதை "பனானா ஷேக்" என்று பதியும்போது பழிமட்டும் பழத்தின் மேல் விழுகிறது. எண்ணெயில் பொரித்த வாழைக்காய் சிப்ஸும் அப்படியே, நூறு கிராமுக்கு 500 கலோரியைத் தாண்டும். அதைப் பழக்கணக்கில் சேர்க்காதீர்கள். உலர்த்திய வாழைப்பழத்தில் எண்ணெய் இல்லை, ஆனாலும் தண்ணீர் போய்விட்டதால் நூறு கிராமுக்கு 350 கலோரியை ஒட்டி வரும்.

எதிர்ப்பக்கமும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாழைப்பழம் எடையைக் குறைக்கும் மருந்து என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இது புதிதல்ல. 1934-இல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாரப் என்ற மருத்துவர் உடல் பருமனுக்கு வாழைப்பழமும் ஆடை நீக்கிய பாலும் என்று ஓர் உணவுமுறையை எழுதினார், அது பெரிதாகப் பரவியது. 2008-இல் ஜப்பானில் காலையில் வாழைப்பழமும் தண்ணீரும் என்ற முறை பரவி, கடைகளில் பழம் கிடைக்காத அளவுக்குப் போயிற்று. இதில் மந்திரம் எதுவும் இல்லை. ஆறு பழமும் நாலு டம்ளர் ஆடை நீக்கிய பாலும் மட்டும் வைத்து ஒரு நாளை ஓட்டினால் மொத்தமே ஆயிரம் கலோரிக்குள் நின்றுவிடும். எடை இறங்கத்தான் செய்யும். எவ்வளவு நாள் அப்படி இருக்க முடியும், அந்தச் சமயத்தில் உடம்புக்கு என்னவெல்லாம் கிடைக்காமல் போகும் என்பதுதான் பிரச்சினை. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

உங்களுக்கு எத்தனை? ஒன்று அல்லது இரண்டு, இரண்டு சாப்பிட்டால் கொஞ்சம் சின்னதாக. இரண்டு நடுத்தரப் பழம் என்பது 1500-இல் 14 சதவீதம். அதற்கு மேல் போனால் தப்பு என்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு பழத்தில் புரதம் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலேதான், கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம். உங்கள் குறிப்பில் ஏற்கெனவே புரதம் குறைவாக இருக்கிறது. காய்களும் வேறு பழங்களும் சேர்ந்து நாளைக்கு 400 கிராமாவது வர வேண்டும். வாழைப்பழமே எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டால் அவற்றுக்கு இடம் இருக்காது.

அதனால்தான் பழத்தைத் தனியாகச் சாப்பிடாமல் துணையோடு சாப்பிடச் சொல்கிறேன். மாலையில் ஒரு நடுத்தரப் பழமும் ஒரு கிண்ணம் சர்க்கரை போடாத தயிரும் என்றால், தயிர் 150 கிராமுக்கு 90 கலோரி சேர்த்து 195. தயிர் பிடிக்காவிட்டால் வறுத்த வேர்க்கடலை 20 கிராம், அதாவது ஒரு சின்னக் கைப்பிடி, 115 கலோரி சேர்த்து 220. இரண்டிலும் ஐந்து கிராம் அளவு புரதம் கிடைக்கிறது. ஆறு பிஸ்கட்டைவிடக் கலோரி குறைவு, இரவுச் சாப்பாடு வரைக்கும் தாங்கும். கடலையை மட்டும் டப்பாவோடு பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். அளந்து எடுத்துவிட்டு டப்பாவை மூடிவிடுங்கள்.

நேரம் பற்றிக் கேட்டீர்கள். இரவில் சாப்பிட்டால் கொழுப்பாக மாறும், வெறும் வயிற்றில் சாப்பிட்டால் விஷம் என்றெல்லாம் சொல்வார்கள். கவலைப்படாதீர்கள், பழத்துக்கு மணி பார்க்கத் தெரியாது. உங்களுக்கு எப்போது பசி தாங்க முடியாமல் கை வேறு பக்கம் போகிறதோ, அதுதான் உங்களுக்கான நேரம். குறிப்பைப் பார்த்தால் அது மாலை ஐந்து மணி. பயிற்சிக்குப் போகும் நாளில் அரை மணி, ஒரு மணி நேரம் முன்னால் ஒன்று சாப்பிடுங்கள். எளிதில் செரிக்கும், பயிற்சிக்குத் தெம்பும் கிடைக்கும்.

செங்காயா, கனிந்ததா என்ற கேள்வி எனக்குப் பிடித்த கேள்வி. பச்சையாக இருக்கும்போது பழத்தில் பெரும்பகுதி மாவுச்சத்து. பழுக்கப் பழுக்க அந்த மாவுச்சத்தே சர்க்கரையாக மாறுகிறது, அதனால்தான் இனிப்புக் கூடுகிறது. வெளியிலிருந்து எதுவும் புதிதாக வந்து சேர்வதில்லை. ஆகவே கரும்புள்ளி விழுந்த பழத்தில் கலோரி ஏறிவிட்டது என்று நினைப்பது தவறு. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. பச்சை வாடை போகாத பழத்தின் மாவுச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்கிருக்கும் நல்ல நுண்ணுயிரிகளுக்கு உணவாகிறது. அதிலிருந்து நமக்குக் கிடைக்கும் கலோரி கொஞ்சம் குறைவு, ரத்தச் சர்க்கரையும் மெதுவாக ஏறும். சிலருக்கு வயிறு உப்பும், அப்படிப்பட்டவர்கள் வலிந்து சாப்பிட வேண்டாம். உங்களைப் போலச் சர்க்கரை நோய் இல்லாதவர்கள் நாக்குக்குப் பிடித்த பதத்தில் சாப்பிடலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கனிந்து குழைந்ததைவிட மஞ்சளும் காம்பில் லேசாகப் பச்சையும் உள்ள பழமாக, பாதி அல்லது ஒரு சின்னது, மேலே சொன்ன துணையோடு சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் அளந்து பார்ப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை, இதைக் கவனமாகக் கேளுங்கள். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் உடம்பிலிருந்து சரியாக வெளியேறாது. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும். இவர்கள் ரத்தப் பரிசோதனை முடிவை வைத்து மருத்துவரிடம் கேட்காமல் தினசரி வாழைப்பழம் ஆரம்பிக்கக்கூடாது. ரப்பர் கையுறை, பலூன் இவற்றால் அலர்ஜி வருபவர்களில் சிலருக்கு வாழைப்பழமும் ஒத்துக்கொள்ளாது. வாயில் அரிப்பு வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். முன்பெல்லாம் வாரக் கடைசியில் பழம் கறுத்துப்போகும், எறிய மனம் வராமல் மூன்றையும் ஒரே நாளில் தின்றுவிடுவேன் என்று. இதற்கு வழி இருக்கிறது. வாங்கும்போதே இரண்டு பழுத்ததும் மீதி பச்சை வாடையுள்ளதுமாக வாங்குங்கள். பழுத்ததும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். தோல் கறுக்கும், உள்ளே பழம் சில நாள் நன்றாகவே இருக்கும். அதற்கும் மேல் போய்விட்டால் உரித்து, வில்லை வில்லையாக நறுக்கி, ஒரு பழத்துக்கு ஒரு சின்னப் பை என்று பிரித்து உறைபெட்டியில் போடுங்கள். பையின் மேல் எடையையும் எழுதிவிடுங்கள். உறைந்த வில்லையைத் தயிரோடு சேர்த்து அடித்தால் ஐஸ்கிரீம் மாதிரியே வரும், சர்க்கரை ஒரு துளி வேண்டாம்.