அவள் ஏன் திருப்பிக் கேட்கவில்லை? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். போன பதிவுக்கு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. இன்றைக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். படித்ததிலிருந்து அது மனதை விட்டுப் போகவே இல்லை.

தாராபுரம் பக்கத்திலிருந்து ஓர் அப்பா எழுதியிருக்கிறார். கடை வைத்திருப்பவர். மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது. "போகட்டுமாப்பா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறாள். இவர் வியாபாரத்துக்கு நடுவே "உன் இஷ்டம்" என்று போட்டுவிட்டுப் போனைக் கீழே வைத்துவிட்டார். இவர் மனதில் முழுச் சம்மதம். மகளோ அப்பாவுக்குக் கோபம் என்று எடுத்துக்கொண்டு, வேலை வேண்டாம் என்று எழுதிவிட்டாள். இவருக்கு அது தெரிந்ததே சில நாள் கழித்து, மகளின் அம்மா சொல்லித்தான். அவர் கேட்கிறார்: "நான் தெளிவாகத்தானே சொன்னேன்? இதைவிடத் தெளிவாகப் பேச என்ன வழி? சந்தேகம் இருந்தால் அவள் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாமே?"

தெளிவாகப் பேசுவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பதிவுகளைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு மேஜையில் தாளம் தட்டும் சோதனை நினைவிருக்கும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1990-ல் எலிசபெத் நியூட்டன் செய்தது. ஒருவர் தெரிந்த பாட்டு ஒன்றை மனதில் பாடிக்கொண்டே மேஜையில் விரலால் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். தட்டியவர்கள் பாதிக்குப் பாதியாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நம்பினார்கள். 120 பாட்டில் சரியாகச் சொன்னது 3. தட்டுகிறவர் காதில் மெட்டு, வாத்தியம் எல்லாம் ஓடுகிறது. எதிரே இருப்பவருக்கு 'டொக் டொக்' மட்டும்தான். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். சொன்னது வேறு, போய்ச் சேர்ந்தது வேறு.

எழுத்துக்கு வந்தால் இது இன்னும் மோசமாகிறது. ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி என்ற உளவியலாளர்கள் சிலரோடு சேர்ந்து செய்த ஓர் ஆய்வு 2005-ல் வெளிவந்தது. கலந்துகொண்டவர்கள் சில வாக்கியங்களை மெய்யாகவும் சிலவற்றைக் கிண்டலாகவும் மின்னஞ்சலில் அனுப்பினார்கள். 100-க்கு 78 தடவை நம் தொனி புரிந்துவிடும் என்று அனுப்பியவர்கள் கணக்குப் போட்டார்கள். உண்மையில் புரிந்தது 56. பூவா தலையா போட்டுப் பார்த்தாலே 50 வரும். இன்னொன்றும் கவனியுங்கள். படித்தவர்களும் தாங்கள் சரியாகப் புரிந்துகொண்டோம் என்றே உறுதியாக இருந்தார்கள். இரண்டு பக்கமும் நிச்சயமாக இருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

ஆகவே ஐயா, "உன் இஷ்டம்" என்று தட்டும்போது உங்கள் காதில் உங்கள் குரல் கேட்டது. "தாராளமாகப் போம்மா" என்ற குரல். திரையில் போய் நின்றது இரண்டு வார்த்தை. கூப்பிட்டுப் பேசியிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது உங்கள் கடைசி வரி. அவள் ஏன் திருப்பிக் கேட்கவில்லை? அதை நீங்கள் ஒரு குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உண்மையான கேள்வி என்று படுகிறது.

இந்த இடத்தில் ஒரு விமான விபத்தைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான கானரித் தீவுகளில் டெனெரிஃப் என்று ஒரு தீவு. பக்கத்துத் தீவு விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கே இறங்க வேண்டிய விமானங்களை டெனெரிஃபில் உள்ள ஒரு சிறிய நிலையத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அவற்றில் இரண்டு போயிங் 747. ஒன்று நெதர்லாந்தின் கே.எல்.எம்., இன்னொன்று அமெரிக்காவின் பான் ஆம். நிற்க இடமில்லாமல் விமானங்கள் அடைத்து நின்றதால், இரண்டும் ஓடுபாதை மேலேயே நகர்ந்து போக வேண்டிய நிலை. கே.எல்.எம். கடைசி முனை வரை போய்த் திரும்பி, புறப்படத் தயாராக நிற்கிறது. பான் ஆம் இன்னும் ஓடுபாதையில் வந்துகொண்டிருக்கிறது. நடுவில் மூடுபனி. விமானிகளுக்கு எதிரே இருப்பது தெரியவில்லை. விமானங்களுக்கு அனுமதி கொடுக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவருக்கு இரண்டு விமானமுமே தெரியவில்லை. தரை ரேடாரும் கிடையாது. பேச்சு ஒன்றுதான் மிச்சம்.

கே.எல்.எம். கேப்டன் ஃபான் சாண்டன் சாதாரண ஆள் இல்லை. அந்த நிறுவனத்தின் 747 பயிற்சிக்குத் தலைவர். நிறுவனத்தின் விளம்பரத்தில் அவர் படம்தான் வரும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணை விமானிக்கு 747 ஓட்டத் தகுதிச் சோதனை நடத்தியவரும் அவரே. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

அவர் எஞ்சின் வேகத்தைக் கூட்டினார். துணை விமானி தடுத்தார், இன்னும் அனுமதி வரவில்லையே என்று. கேப்டன் நிறுத்திக்கொண்டு, "எனக்குத் தெரியும், கேள்" என்றார். துணை விமானி கேட்டார். கோபுரம், கிளம்பிய பிறகு எந்த வழியாகப் போக வேண்டும் என்பதற்கு மட்டும் அனுமதி சொன்னது. கிளம்பு என்று சொல்லவில்லை. துணை விமானி அதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேப்டன் "போகிறோம்" என்று விமானத்தை ஓட்ட ஆரம்பித்துவிட்டார். துணை விமானி இந்தத் தடவை அவரைத் தடுக்கவில்லை. பேச்சின் கடைசியில், நாங்கள் இப்போது டேக் ஆஃபில் இருக்கிறோம் என்பது போல ஒன்றை அவசரமாகச் சேர்த்தார். ஆங்கிலம் அவருக்கும் தாய்மொழி இல்லை, கோபுரத்தில் இருந்த ஸ்பானியருக்கும் தாய்மொழி இல்லை. கோபுரத்தில் இருந்தவர் அதை, புறப்படும் இடத்தில் தயாராக நிற்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு "ஓகே" என்றார். ஒரு மூச்சு விட்டு, "காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்" என்றார். அதே நேரம் பான் ஆமிலிருந்து, நாங்கள் இன்னும் ஓடுபாதையில் இருக்கிறோம் என்று குரல் வந்தது. இரண்டும் ரேடியோவில் மோதி ஒரே கீச்சுச் சத்தம். கே.எல்.எம். விமானிகளுக்குத் தெளிவாகக் கேட்டது "ஓகே" ஒன்றுதான். அவர்கள் கேட்கக் காத்திருந்ததும் அதுதான்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். பின்னால் உட்கார்ந்திருந்த விமானப் பொறியாளருக்கு மட்டும் சந்தேகம் வந்தது. அந்தப் பான் ஆம் இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். கேப்டன் அழுத்தமாக, விலகிவிட்டது என்றார். பொறியாளர் மறுபடி கேட்கவில்லை. சில நொடிகளில் இரண்டு விமானங்களும் மோதின. 583 பேர் இறந்தார்கள்.

ஃபான் சாண்டனைக் கெட்டவர் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பயிற்சி கொடுப்பவர்கள், தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டரில் கோபுரத்தின் வேலையையும் தாங்களே பார்ப்பார்கள், அனுமதியைத் தாங்களே கொடுத்துக்கொள்வார்கள். விசாரணை அறிக்கையே இந்தப் பழக்கத்தைக் கவனித்துக் குறிப்பிட்டது. நான் யார் என்று ஒருவர் மனதில் வைத்திருக்கும் சித்திரம் அவர் காதுக்குள் வேலை செய்கிறது. கேள்வி கேட்ட பொறியாளருக்கும் அப்படித்தான். இவரிடம் போய் இரண்டாவது தடவை கேட்க நான் யார் என்ற எண்ணம் வாயை மூடிவிடுகிறது.

என் சித்தப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தார். வேலை தெரிந்தவர், நல்ல மனிதர், குரல் மட்டும் பெரிது. அவர் எதைச் சொன்னாலும் பையன்கள் "சரிங்கண்ணா" என்பார்கள். ஒரு நாள் ஒரு பையன் ஒரு பண்டல் முழுக்கக் கையை மாற்றித் தைத்துவிட்டான். "புரியலைன்னா கேக்க வேண்டியதுதானேடா" என்று சித்தப்பா கத்தினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு அதற்கும் "சரிங்கண்ணா" என்றான். அங்கே இருந்த எல்லோருக்கும் அவன் ஏன் கேட்கவில்லை என்று தெரியும். சித்தப்பாவுக்கு மட்டும் தெரியவில்லை.

சார்ல்ஸ் கூலி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1902-லேயே இதை எழுதினார். நாம் மற்றவர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறோம் என்று கற்பனை செய்கிறோம், அவர் நம்மை எப்படி எடை போடுகிறார் என்று கற்பனை செய்கிறோம், அதை வைத்துப் பெருமையோ கூச்சமோ படுகிறோம். இரண்டுமே கற்பனைதான், ஆனால் வருகிற கூச்சம் நிஜம். உங்கள் மகள் "உன் இஷ்டம்" என்பதைப் படித்த அந்த நிமிஷம், உங்கள் கண்ணில் தான் எப்படித் தெரிகிறோம் என்றுதான் பார்த்திருப்பாள். சொன்ன பேச்சைக் கேட்காத பெண்ணாக, வீட்டை விட்டுப் போகத் துடிக்கிற பெண்ணாக அவளுக்குத் தெரிந்திருக்கலாம். அப்படிப் பார்த்த பெண் திருப்பிக் கேட்க மாட்டாள். "கோபமாப்பா?" என்று கேட்பதே அவளுக்கு எதிர்த்துப் பேசுவது போல ஆகிவிடும்.

விமானத் துறை இந்தப் பாடத்தைப் படித்தது. டெனெரிஃபுக்குப் பிறகு ரேடியோவில் பேசும் முறையைக் கறாராக்கினார்கள். கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர, அந்த டேக் ஆஃப் என்ற சொல்லையே கோபுரம் எடுப்பதில்லை. ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொரு மாற்றம். கீழே இருப்பவர் கேள்வி கேட்கவும், கேப்டன் அதைக் கேட்டுக்கொள்ளவும் தனியாகப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள். அமெரிக்காவின் யுனைடெட் விமான நிறுவனம் இதை 1981-ல் தொடங்கியது. 1989-ல் அதே நிறுவனத்தின் டி.சி.-10 விமானம் ஒன்று, விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும் ஹைட்ராலிக் அமைப்பு முழுவதையும் நடுவானில் இழந்தது. கேப்டன் அல் ஹேன்ஸ், பயணியாக வந்திருந்த ஒரு பயிற்சி விமானியைக் காக்பிட்டுக்குள் கூப்பிட்டு, எஞ்சின் விசையை அவர் கையில் கொடுத்தார். நால்வரும் பேசிப் பேசி, அமெரிக்காவின் சூ சிட்டி விமான நிலையம் வரை கொண்டுவந்தார்கள். இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அந்தப் பயிற்சியும் ஒரு முக்கியக் காரணம் என்று ஹேன்ஸ் பிற்பாடு சொன்னார். குரலை உயர்த்தாமல், எனக்கும் வழி தெரியவில்லை, நீங்கள் சொல்லுங்கள் என்று ஒரு கேப்டன் மற்றவர்களைக் கேட்க முடிந்தது. அதை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு மனம் நெகிழ்கிறது.

சரி, உங்கள் வீட்டுக்கு வருகிறேன். இன்றைக்கே மகளைக் கூப்பிடுங்கள். வாட்ஸ்அப் வேண்டாம், குரலில் பேசுங்கள். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று ஆரம்பிக்காதீர்கள். அதைக் கேட்டதும் தப்பு தன்மேல்தான் என்று அவள் நினைத்துவிடுவாள். "நான் எழுதினதை நீ எப்படிம்மா படிச்சே?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். உடனே பதில் வராது. முதலில் "ஒண்ணும் இல்லப்பா" என்றுதான் வரும். அதை அப்படியே எடுத்துக்கொண்டு போனை வைத்துவிடாதீர்கள், இன்னொரு தடவை கேளுங்கள். அவள் கேட்கத் தயங்கிய அந்த இரண்டாவது தடவையை நீங்கள் கேளுங்கள்.

அப்புறம், அந்த வேலை. வேண்டாம் என்று எழுதிச் சில நாள்தானே ஆகிறது என்கிறீர்கள். இடம் இன்னும் காலியாக இருக்கலாம். குடும்பத்தில் பேசி முடிவு மாறியிருக்கிறது, இடம் இருந்தால் சேர விருப்பம் என்று ஒரு மெயில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.