உளுந்து பொங்கவில்லையா? அதில்தான் என் வருமானம்

நேயர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டு, "இணையத்தில் எழுதிச் சம்பாதிப்பது பற்றிக் கொஞ்ச நேரம் பேச முடியுமா?" என்று கேட்டார்கள். எவ்வளவு சம்பாதிக்கிறேன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேறு யாரையாவது கூப்பிட்டிருப்பார்களோ என்னவோ. நானே சொல்லிவிடுகிறேன். போன மாதம் எனக்கு வந்தது 3,180 ரூபாய். அதற்கு முந்தைய மாதம் 1,400 சொச்சம். தீபாவளி வருகிற மாதத்தில் மட்டும் எட்டாயிரத்தைத் தொடும். ஆறு வருஷம் எழுதிய பிறகு நிற்கிற கணக்கு இது. பொள்ளாச்சியில் ஒரு பாத்திரக்கடையில் கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. இந்த எழுத்து வேலையெல்லாம் ராத்திரி சாப்பாடு முடிந்து, அடுப்படியைத் துடைத்துவிட்ட பிறகுதான்.

முதலில் ரெஃபரல், அதாவது பரிந்துரைத்துக் காசு வாங்குகிற சங்கதியைச் சொல்கிறேன். நமக்கு இது புதிதில்லை. வீடு பார்த்துக் கொடுத்தால் தரகு, மாடு பிடித்துக் கொடுத்தால் தரகு, பாலிசி போட வைத்தால் கமிஷன் என்று பார்த்தவர்கள்தானே நாம். இணையத்தில் அதுவே லிங்க் என்ற பெயரில் வந்தது. 2017 செப்டம்பரில் கூகுள் 'தேஸ்' என்று ஒரு ஆப் கொண்டுவந்தது, பிறகு கூகுள் பே ஆனதே, அதுதான். ஒருவரைச் சேர்த்துவிட்டால் 51 ரூபாய். எங்கள் வீட்டில் என் தம்பி பெரியம்மா, சித்தப்பா, பால்காரர் என்று ஒருவரையும் விடவில்லை. இரண்டு வாரத்தில் நல்ல காசு. மூன்றாவது வாரம் கேட்பதற்கு ஆள் இல்லை. இந்த வகை வருமானத்தின் எல்லை அங்கேயே தெரிந்துவிட்டது. நம் போனில் இருக்கிற நம்பர்கள் எத்தனையோ அத்தனைதான் முதல். அதைச் செலவழித்துவிட்டால், அடுத்து நீங்கள் போன் செய்தாலே சொந்தக்காரர்கள், "என்ன, ஏதாவது ஆப்பா?" என்று ஆரம்பிப்பார்கள். என் அத்தை இன்னும் அப்படித்தான் கேட்கிறார்.

இதில் ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனிக்க வேண்டும். ஒரு பொருள் விற்றதற்காகக் கமிஷன் தருவது வியாபாரம். ஆளைச் சேர்த்ததற்காக, அதுவும் அந்த ஆள் கட்டிய பணத்திலிருந்தே தருவது வேறு. கொங்குப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், ஈமு கோழி என்றால் போதும். கோழி வளர்க்கப் பணம் கட்டினால் மாதாமாதம் காசு தருகிறோம் என்ற திட்டம் அது. 2012-ல் பெருந்துறைப் பக்கம் அது சரிந்தபோது பணத்தைப் போட்டவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்கிற சட்டம் 1978-லேயே வந்துவிட்டது. நேரடி விற்பனைக்கான 2021-ஆம் ஆண்டு விதிகளிலும் பிரமிட் திட்டம், அதாவது இப்படி ஆள் மேல் ஆளாகச் சேர்த்துக் காசு பார்ப்பது, கூடாது என்று எழுதியே இருக்கிறது. இருந்தும் கோழிக்குப் பதிலாக இப்போது ஆப் வருகிறது.

எங்கள் தெருவில் ஒரு கல்லூரிப் பையனுக்கு டெலிகிராமில் ஒரு 'வேலை' வந்தது. வீடியோவுக்கு லைக் போட்டால் 50 ரூபாய். மூன்று லைக்குக்கு 150 ரூபாய் உண்மையாகவே வந்துவிட்டது. அதுதான் தூண்டில் புழு. அடுத்து 2,000 கட்டினால் 2,800 என்றார்கள், அதுவும் வந்தது. அப்புறம் 18,000 கட்டினான். அத்தோடு குழுவையே காணோம். அவன் அம்மா என்னிடம் வந்து, "நீயும் ஆன்லைனில்தானே சம்பாதிக்கிறாய், கொஞ்சம் கேட்டுச் சொல்லு" என்றார். யாரைக் கேட்பது? 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யச் சொன்னேன். அது சைபர் குற்ற உதவி எண். பணம் போன முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால், போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. இவன் வெட்கப்பட்டுக்கொண்டு நாலு நாள் வீட்டில் சொல்லவே இல்லை. சம்பளம் தருகிறவன் நம்மிடம் பணம் கேட்க மாட்டான். பணம் வாங்குவதற்கு நாம் யுபிஐ பின் போட வேண்டியதும் இல்லை.

சரி, கட்டுரை எழுதும் கதைக்கு வருகிறேன்.

நான் ஆரம்பித்தது சொல்லுக்கு இத்தனை காசு என்ற வேலையில். ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், தமிழ்க் கட்டுரைக்குச் சொல்லுக்கு 40 காசு என்றது. ஆங்கிலக் கட்டுரையைக் கொடுத்து அதைத் தமிழில் எழுதச் சொல்வார்கள். ஆயிரம் சொல்லுக்கு நானூறு ரூபாய் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். முதல் பில்லில்தான் விஷயம் புரிந்தது. ஆங்கிலத்தில் நாலைந்து சொல்லாக நிற்பது தமிழில் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிடுகிறது. 'போகவேண்டியிருந்ததால்' என்று எழுதினால் 40 காசு. இதையே ஆங்கிலத்தில் எழுதுகிறவர் நாலு சொல்லுக்குக் காசு வாங்கிவிடுவார். கொஞ்ச நாள் நானும் 'போக வேண்டி இருந்த தால்' என்று வெட்டி வெட்டி எழுதலாமா என்று யோசித்ததுண்டு. எங்கள் தமிழாசிரியை கனவில் வந்துவிடுவாரோ என்ற பயத்தில் விட்டுவிட்டேன். இப்போது யாராவது இந்த மாதிரி வேலைக்குப் போனால் நான் சொல்வது, மூலத்தில் எத்தனை சொல்லோ அதற்குக் கூலி கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர்கள் பலர் அப்படித்தான் வாங்குகிறார்கள்.

அந்த நிறுவனம் கடைசி இருபது கட்டுரைக்குப் பணமே தரவில்லை. மெயில் போட்டேன், பதில் இல்லை. கடையில் கணக்கு எழுதுகிற நான், முன்பணம் வாங்காமல் இருபது கட்டுரை கடனுக்குக் கொடுத்திருக்கிறேன் பாருங்கள். எங்கள் முதலாளிக்குத் தெரிந்தால் சிரிப்பார்.

இன்றைக்கு அந்தக் கூலி வேலையே வெகுவாகக் குறைந்துவிட்டது. 2022 நவம்பரில், கேட்டதை எழுதித் தருகிற சாட்ஜிபிடி வந்த பிறகு, 'தண்ணீர் குடிப்பதன் பத்து நன்மைகள்' எழுத ஆளுக்கு யார் காசு தருவார்கள்? தேடுபொறி இத்தகைய கட்டுரைகளை ஒதுக்குவதும் புதிதில்லை. 2011-லேயே கூகுள் தன் தேடல் முறையை மாற்றியதும், காசுக்குக் கட்டுரைகளை மூட்டை மூட்டையாக எழுத வைத்த அமெரிக்கத் தளங்கள் படுத்துவிட்டன. 2024 மார்ச்சில், மொத்த மொத்தமாக உற்பத்தி செய்கிற பயனற்ற பக்கங்களுக்கு எதிராக விதியை இன்னும் இறுக்கினார்கள்.

அதனால் இணையத்தில் சொந்தமாக எழுதி, படிக்கிறவர்கள் பொருள் வாங்கினால் வருகிற கமிஷனைப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். முதலில் எழுதியது, 'சிறந்த பத்து கிரைண்டர்கள்'. அந்தப் பத்தில் ஒன்றுகூட நான் தொட்டதில்லை. படத்தைப் பார்த்து எழுதினேன். மூன்று மாதம் ஒரு பைசா வரவில்லை. வந்திருக்கவும் கூடாது.

நான்காம் மாதம் சென்னையிலிருந்து என் நாத்தனார் போன் செய்தார். "அண்ணி, மிக்ஸியில் உளுந்து அரைத்தால் பொங்கவே மாட்டேன் என்கிறது, இட்லி கல்லு மாதிரி வருகிறது." அரைமணி நேரம் போனில் சொன்னேன். உளுந்தை ராத்திரி முழுக்க ஊறப்போடாதே, மிக்ஸி பிளேடு வேகமாகச் சுற்றுவதால் மாவு சூடாகிவிடும், குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளி, ஒரே தடவையில் ஊற்றாதே. கிரைண்டரில் கல் மெதுவாகச் சுற்றுகிறது, மாவு அதிகம் சூடாவதில்லை, காற்றும் உள்ளே போகிறது, அதனால்தான் பொங்குகிறது. போனை வைத்ததும் அதை அப்படியே எழுதிப் போட்டேன். கடைசியில், மிக்ஸியை வைத்தே சமாளிக்க முடியாதவர்களுக்கு என் வீட்டில் ஓடுகிற இரண்டு லிட்டர் டேபிள்டாப் கிரைண்டரின் லிங்க்கைக் கொடுத்தேன். அதன் டிரம் பூட்டு கொஞ்சம் லூஸ் என்பதையும், புதிதாக வாங்கினால் முதல் தடவை பழைய அரிசியைப் போட்டு அரைத்துக் கொட்டிவிட வேண்டும், இல்லையென்றால் கல்பொடி மாவில் வரும் என்பதையும் எழுதினேன். அந்த ஒரு கட்டுரை இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறது. சரி, சட்னியாவது போடுகிறது.

லிங்க் எப்படி வேலை செய்கிறது என்று பலர் கேட்கிறார்கள். அமேசான் 1996-லேயே ஆரம்பித்த ஏற்பாடு இது. நமக்கென்று ஒரு அடையாளக் குறி லிங்க்கில் இருக்கும். அதைத் தொட்டு உள்ளே போகிறவர் 24 மணி நேரத்துக்குள் வாங்கினால் நமக்குக் கமிஷன். "சம்பளம் வரட்டும்" என்று ஒன்றாம் தேதி வரை தள்ளிப்போட்டால் நமக்கு ஒன்றுமில்லை. நம் லிங்க்கில் நாமே வாங்கிக்கொள்வதும் செல்லாது. கிரைண்டர் பார்க்க வந்தவர் அதை விட்டுவிட்டு நாய்க்குச் சங்கிலி வாங்கினால் அதற்கும் காசு உண்டு. என் கணக்கில் அப்படி எத்தனையோ வேடிக்கை. பங்கு பொருளுக்குப் பொருள் மாறும். நூற்றுக்கு ஐந்து என்று வைத்துக்கொண்டால், ஆறாயிரம் ரூபாய்க் கிரைண்டருக்கு 300 ரூபாய். என் அனுபவத்தில் ஆயிரம் பேர் படித்தால் ஐம்பது பேர் லிங்க்கைத் தொடுவார்கள், ஒருவரோ இருவரோ வாங்குவார்கள்.

விளம்பர வருமானமும் உண்டு. நம் பக்கத்தில் விளம்பரம் காட்டிக் காசு தருகிற கூகுளின் ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியில் தமிழை ஏற்றுக்கொண்டது. அதுவரை தமிழில் எழுதியவர்களுக்கு முறைப்படி அந்தக் கதவு மூடியேதான் கிடந்தது. பத்து டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க வீட்டுக்குத் தபாலில் ஒரு எண் வரும். நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம். எனக்கு அந்த முதல் நூறு டாலர் சேரப் பதினாலு மாதம் ஆனது. அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரர், "வெளிநாட்டு வேலையா அக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கதை எழுதுகிறவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. அமேசானின் மின்புத்தகத் தளமான கிண்டிலில் 2016 டிசம்பர் முதல் தமிழில் நாமே புத்தகம் போடலாம். பிரதிலிபி என்ற கதைத் தளத்தில் தொடர்கதை எழுதி வாசகர்களைச் சேர்த்தவர்களும் உண்டு. எனக்குக் கதை வராது, அதனால் அதைப் பற்றி அதிகம் சொல்லத் தெரியவில்லை.

கமிஷன் வருகிறது என்பதைக் கட்டுரையின் தலையிலேயே எழுதிவிடுகிறேன். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. பரிந்துரைப்பவருக்கு ஆதாயம் இருந்தால் மறைக்காமல், புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். எழுதினால் யாரும் வாங்க மாட்டார்கள் என்று பயந்தேன். எழுதிய பிறகு வரவு குறையவில்லை. ஒரு அம்மா மட்டும், "உனக்கு எவ்வளவு வரும்? பாதியை எனக்குத் தள்ளுபடியாகக் கொடேன்" என்று எழுதினார். நம் ஊர் நம் ஊர்தான்.

இந்தப் பணத்தையும் வருமான வரிக் கணக்கில் காட்டவேண்டும் என்பது கணக்கெழுதுகிறவள் என்ற முறையில் ஒரு வார்த்தை. முன்கூட்டியே வரி பிடித்திருந்தால், உங்கள் மொத்த வருமானம் வரம்புக்குக் கீழே இருக்கும் பட்சத்தில் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

நேற்று ஒரு தம்பி எழுதிக் கேட்டிருந்தார். சவூதியில் அறையில் ஐந்து பேராம், பழைய கிரைண்டரின் பெல்ட் அறுந்துவிட்டதாம், அங்கே கிடைக்கவில்லையாம், வெள்ளிக்கிழமை தோசைக்கு வழி சொல்லுங்கள் என்கிறார். அதற்கு என்னிடம் லிங்க் ஏதும் இல்லை. பெல்ட்டின் அளவை எப்படி எடுப்பது, அதுவரை மிக்ஸியில் எப்படிச் சமாளிப்பது என்று இன்றைக்கு ராத்திரி எழுதப்போகிறேன். வாய்ப்புத் தந்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.